பலாக்கட்டை கிடார்

என் மாமாவுக்குத் திமிர் என்பதில் எங்கள் தெருவில் யாருக்கும் இரண்டாவது கருத்து கிடையாது. பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டார். டீக்கடையில் யாராவது பேச்சுக் கொடுத்தால், அவர்கள் வாயையே உற்றுப் பார்த்துவிட்டு நிதானமாகத்தான் பதில் சொல்வார். எல்லோரும் சிரித்து முடித்த பிறகு கடைசி ஆளாகச் சிரிப்பார். சாலையில் நடந்தால் பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டே போவார். தன் நடையழகை யாராவது பார்க்கிறார்களா என்று பார்க்கிறாராம். இதுவும் தெருவின் கண்டுபிடிப்புதான். "ஒந் தம்பிக்கு நம்மளயெல்லாம் பாத்தா மனுசனாத் தெரியல போலருக்கு" என்று எதிர்வீட்டு அக்கா அம்மாவிடம் சொன்னபோது நான் பக்கத்தில் இருந்தேன். அம்மா சண்டைக்குப் போகவில்லை. உடன்பிறந்த தம்பியைப் பற்றி அம்மாவுக்கும் அதே அபிப்பிராயம்தான்.

அப்போது எனக்குப் பத்து வயது. அரியலூருக்கு வெளியே, சுண்ணாம்புக்கல் லாரிகள் பகலெல்லாம் போய்வரும் சாலையை ஒட்டிய தெருவில் இருந்தோம். கொடியில் போட்ட துணியைத் தூசி தட்டித்தான் மடிக்க வேண்டும். அப்பா பஸ் கண்டக்டர், பாதி நாள் வீட்டில் இருக்க மாட்டார். அம்மா ரவிக்கை தைப்பாள். மாமா எங்களோடுதான் இருந்தார். மைன்ஸில் பாறைக்குத் துளை போடும் மிஷின் பிடிப்பது அவர் வேலை. வேலை முடிந்து வரும்போது தலைமுடி, புருவம் எல்லாம் வெள்ளையாக இருக்கும். காதில் பஞ்சு அடைத்திருப்பார். தூசிக்கு என்பார். குளித்த பிறகும் அந்தப் பஞ்சை எடுக்க மாட்டார் என்பதை நான் கவனித்திருக்கிறேன். பெரியவர்களுக்கு ஆயிரம் பழக்கம் இருக்கும் என்று விட்டுவிட்டேன்.

மைன்ஸுக்குப் போவதற்கு முன்னால் மாமா ஒரு பாட்டுக் கச்சேரிக் குழுவில் பேஸ் கிடார் வாசித்தவர். நாலே நாலு தடித்த கம்பி. பாட்டுக்கு அடியில் தும் தும் என்று ஒரு சத்தம் போய்க்கொண்டிருக்குமே, அதுதான். ஆனால் கிடார் அவருடையது இல்லை. அதன் சொந்தக்காரர் துபாய்க்குக் கிளம்பும்போது அதை விற்றுவிட்டார். கிடார் போனதும் மாமா மிஷின் பிடிக்கப் போனார். மூன்று வருடம் கழித்து, குழுவின் மாஸ்டர் அவரைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டில் பார்த்து ஒரு வார்த்தை சொன்னார். சொந்தமாக ஒரு பேஸ் கிடாரோடு வா, ஒரு நிகழ்ச்சி வாசி, சரியாக இருந்தால் இனிமேல் நீதான்.

அந்த ஒரு வார்த்தையைப் பிடித்துக்கொண்டு மாமா வீட்டுக்கு வந்தார். "இந்த மிசினப் புடிச்சிக்கிட்டு இன்னும் நாலஞ்சு வருசம் இருந்தா நான் முழு மனுசனா இருக்க மாட்டேன் மச்சான். எப்படியாவது வெளிய வந்துடணும்" என்று அவர் அப்பாவிடம் சொன்னபோது, உடம்பு வலியைச் சொல்கிறார் என்று நாங்கள் நினைத்தோம்.

கடையில் வாங்க வழியில்லை, அதனால் தானே செய்வது என்று முடிவு செய்தார். அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. அம்மாவின் அப்பா, ஊரில் எந்தப் பெரிய வீட்டில் சாவு விழுந்தாலும் பறையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியிருந்தவர். விருப்பமா இல்லையா என்று அவரை யாரும் கேட்டதில்லை. "கூப்பிட்ட வாசல்ல நின்னு அடிச்சது எங்க அப்பாவோட முடிஞ்சுது. இவன் மறுபடியும் அடுத்தவன் வூட்டு விசேசத்துக்கு வாசிக்கப் போறானாம்" என்று தையல் மிஷினைப் பார்த்துப் பேசுவாள். அந்த மிஷின் அம்மாவின் கோபத்தையெல்லாம் கேட்டுக் கேட்டுத்தான் ஓடியது.

ஆண்டிமடம் பக்கம் காற்றில் சாய்ந்த ஒரு பலாமரத்தை மரப்பட்டறையில் பலகையாக அறுத்துப் போட்டிருந்தார்கள். அதில் ஒரு கனமான துண்டை வாங்கி, அப்பா வேலை பார்த்த பஸ்ஸிலேயே பின்சீட்டுக்கு அடியில் போட்டுக் கொண்டுவந்தார் மாமா. கொல்லையில் இருந்த தகரக் கொட்டகை பட்டறையானது. வேலைக்குப் போய்வந்த மிச்ச நேரமெல்லாம் அங்கேதான். உளியால் செதுக்குவார், இழைப்புளி போடுவார், உப்புத்தாள் வைத்து மணிக்கணக்கில் தேய்ப்பார். பலாக்கட்டையின் தூள் மஞ்சளாக இருக்கும். வெள்ளையாக வேலையிலிருந்து வரும் மனுஷன் இரண்டு மணி நேரத்தில் மஞ்சளாகிவிடுவார். அந்த மஞ்சள்தான் அவருக்கு நன்றாக இருந்தது.

கழுத்துக்குப் பலா ஆகாதாம், வளைந்துவிடுமாம். நேரான பழைய தேக்கு வேண்டும் என்று தேடியவருக்கு, அம்மாவின் கல்யாணச் சீராக வந்த கட்டில் கண்ணில் பட்டது. ஒரு கால் உடைந்து சுவரோரம் சாத்தி வைத்திருந்த கட்டில். அதன் நீளச் சட்டம் ஒன்று கிடாரின் கழுத்தான பிறகுதான் அம்மாவுக்கு விஷயம் தெரிந்தது. ஒரு வாரம் மாமாவோடு பேசவில்லை. பேசவில்லை என்பதை மாமா கவனித்ததாகவே தெரியவில்லை என்பதுதான் அம்மாவுக்கு இன்னும் எரிச்சல்.

கழுத்தில் குறுக்கே பதிக்கும் கம்பிகளுக்குத் தன் சைக்கிள் சக்கரத்தின் ஸ்போக்ஸ் கம்பிகளை எடுத்து, சுத்தியால் தட்டித் தட்டிப் பட்டையாக்கினார். அதற்குப் பிறகு வேலைக்கு நடந்துதான் போனார். எந்தக் கம்பி எங்கே வர வேண்டும் என்பதற்கு அவரிடம் ஒரு பழுப்புத் தாள் இருந்தது. பள்ளிக்கூடப் புத்தகத்துக்கு அட்டை போடுவோமே, அந்தத் தாள். பழைய கிடார் விற்றுப் போவதற்கு முந்தின நாள் கிடாரைத் தாளின்மேல் படுக்கவைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு வைத்திருக்கிறார். மூன்று வருடமாக அதை மடித்து டிரங்குப் பெட்டிக்குள் வைத்திருந்தார் என்பது எங்களுக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

கம்பியின் அதிர்வை மின்சாரமாக மாற்ற ஒரு காந்தமும் அதைச் சுற்றிக் காயில் என்னும் செப்புக்கம்பிச் சுருளும் வேண்டும். காந்தம் எங்கள் பழைய டேப்ரிக்கார்டரின் ஸ்பீக்கரிலிருந்து வந்தது. மோட்டார் காயில் கட்டும் கடையில் முடி மாதிரி மெல்லிய செப்புக்கம்பி வாங்கிவந்து, அம்மா கோயிலுக்குப் போன நேரம் பார்த்து, தையல் மிஷின் சக்கரத்தில் மாட்டிச் சுற்றினார். சக்கரம் எத்தனை சுற்று ஓடியது என்று எண்ணுவது என் வேலை. ஆயிரக்கணக்கில் எண்ணினேன். நடுவில் தூங்கி வழிந்து இருநூறோ முந்நூறோ விட்டுப்போனது. அதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. என் பிழைகளால் எதுவும் கெடுவதில்லை என்ற தைரியம் எனக்கு அங்கேதான் வந்திருக்க வேண்டும்.

கம்பி மாட்டியதிலிருந்து மாமா ஒரு வேடிக்கை செய்வார். கிடாரின் கொம்பு போன்ற மேல்முனையைப் பல்லால் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, கம்பியை மீட்டுவார். "மாமா கிடார திங்கறாரு" என்று நான் கைகொட்டிச் சிரிப்பேன். நான் சிரிப்பது கண்ணைத் திறந்த பிறகுதான் அவருக்குத் தெரியும். அவரும் சிரிப்பார். கொம்பில் பல் பட்ட தடம் இன்னும் இருக்கிறது.

கடைசியில் மிஞ்சியது பிரிட்ஜ். கம்பிகளின் அடிமுனையைத் தாங்கிப் பிடிக்கும் பட்டையான துண்டு அது. கடையில் விற்கும் கிடார்களில் அதை முன்னே பின்னே நகர்த்தச் சின்னத் திருகாணிகள் இருக்குமாம். மாமா செய்தது பித்தளைத் தகட்டை மடக்கிய ஒரே துண்டு. ஒரு தடவை மரத்தில் துளை போட்டு முடுக்கிவிட்டால் முடிந்தது கதை. அது எங்கே உட்கார வேண்டும் என்று பார்க்க ஒரு வழி இருந்தது. கம்பியின் நட்டநடுவில் விரலால் பட்டும் படாமலும் தொட்டு மீட்டினால் ஒரு மெல்லிய சத்தம் வரும். அதே இடத்தில் நன்றாக அழுத்தி மீட்டினால் இன்னொரு சத்தம். இரண்டும் ஒரே சுருதியில் இருந்தால் பிரிட்ஜ் சரியான இடத்தில் இருக்கிறது என்று அர்த்தம். டேப் வைத்து அளந்தால் கிட்டத்தட்ட இடம் கிடைத்துவிடும். மிச்சத்தைக் காதுதான் சொல்ல வேண்டும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாமா என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். பிரிட்ஜைக் கிளாம்ப் போட்டுத் தற்காலிகமாகப் பிடித்து வைத்திருந்தார். என் காதைக் கட்டையோடு ஒட்டி வைக்கச் சொன்னார். தொட்டு மீட்டினார், அழுத்தி மீட்டினார். பிறகு குனிந்து என் முகத்துக்கு நேராக முகத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "சொல்லு பாப்பா. ரெண்டும் ஒண்ணா இருக்கா?"

"இல்ல மாமா. அமுக்குனது மேல இருக்கு."

கம்பியைத் தளர்த்தி, கிளாம்பைக் கழற்றி, பிரிட்ஜை அரிசி அளவு பின்னால் நகர்த்தி, மறுபடி கிளாம்ப் போட்டு, மறுபடி கம்பியை முறுக்கினார். ஒவ்வொரு தடவைக்கும் பத்து நிமிடம். மறுபடி கேட்டார். நானும் மறுபடி சொன்னேன்.

இங்கே நான் என் பத்து வயது மூளையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். பெரியவர்கள் கேள்வி கேட்பது தெரிந்துகொள்வதற்காக என்று எனக்கு யாரும் சொன்னதில்லை. எட்டேழு எத்தனை என்று டீச்சர் கேட்கிறார், அவருக்குத் தெரியாதா? எவ்வளவோ மேடையில் வாசித்த மாமாவுக்கு இரண்டு சத்தம் ஒன்றா இல்லையா என்று தெரியாதா? இது எனக்கு வைத்த பரீட்சை என்று நினைத்தேன். தப்பாகச் சொன்னால் மண்டையில் ஒரு குட்டு வைத்துத் திருத்திவிடுவார். அவ்வளவுதானே.

முதல் நாலைந்து தடவை உண்மையாகத்தான் சொன்னேன். ஒரு கட்டத்தில் இரண்டும் ஒன்றாகத்தான் கேட்டது. அது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் ஒரு வார்த்தை சொன்னதும் ஒரு வளர்ந்த ஆள் கிளாம்பைக் கழற்றி மாட்டுவது எனக்குப் பிடித்துப்போயிருந்தது. அந்த வீட்டில் என் பேச்சை அதுவரை யாரும் கேட்டதில்லை. "இன்னும் மேல இருக்கு மாமா" என்றேன். நகர்த்தினார். "இன்னும் கொஞ்சம்" என்றேன். நகர்த்தினார். குட்டு விழவில்லை. அப்படியானால் நான் சொல்வது சரிதான் போலிருக்கிறது என்று நானே நம்பத் தொடங்கினேன். பிறகு காது குழம்பிவிட்டது. எது மேல், எது கீழ் என்று எனக்கே தெரியவில்லை.

அப்போதுதான் பக்கத்து வீட்டுப் பெண் வேலிக்கு மேலாகத் தலையை நீட்டினாள். "ஏய், படம் போடப் போறாங்க. வரியா இல்லியா?" அவர்கள் வீட்டில் கலர் டிவி இருந்தது.

மாமா மீட்டிக் காட்டினார். நான் கட்டையில் காதை வைத்தேன் என்றுகூடச் சொல்ல முடியாது. "சரியா இருக்கு மாமா" என்றேன்.

மாமா டேப்பை எடுத்து அளந்தார். நெற்றியைச் சுருக்கினார். ஒரு விரலைக் குறுக்கே வைத்துக் காட்டினார். "ஒரு வெரக்கட தள்ளி வருதே பாப்பா. டேப்பு இவ்ளோ சொல்லலியே." என் வாயையே பார்த்தார். "நல்லா கேட்டியா?"

"கேட்டேன் மாமா."

"எந் தலைல அடிச்சுச் சொல்லு."

எங்கள் பக்கத்தில் அதற்கு மேல் சத்தியம் கிடையாது. ஒருவர் தலையில் கைவைத்துப் பொய் சொன்னால், தலைக்குச் சொந்தக்காரர் உயிரோடு இருக்க மாட்டார். சின்னக் குழந்தைக்கும் இது தெரியும். மாமா தரையில் உட்கார்ந்து தலையைக் குனிந்து கொடுத்தார். ஒரு விநாடி தயங்கினேன். இதுவும் பரீட்சையின் ஒரு பகுதிதான், நான் பின்வாங்குகிறேனா என்று பார்க்கிறார் என்று நினைத்தேன். வேலிக்கு அந்தப் பக்கம் விளம்பரங்கள் முடியும் சத்தம் கேட்டது. அவர் தலையில் கையை வைத்தேன். "சத்தியமா ஒண்ணாத்தான் இருக்கு மாமா" என்றேன். அவர் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். சொன்னதைக் குனிந்திருந்தபோது கேட்காதவர் போல, "என்ன சொன்ன?" என்றார். மறுபடியும் சொன்னேன், முகத்துக்கு நேராக. மாமா சந்தோஷமாகத் துளை போடும் மிஷினை எடுத்தார். என் உள்ளங்கையில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளைப் பாவாடையில் துடைத்துக்கொண்டே படம் பார்க்க ஓடினேன். என்ன படம் என்று இப்போது நினைவில்லை.

ஒரு மாதம் கழித்துப் பெரம்பலூரில் ஒரு மண்டபத்தில் மஞ்சள் நீராட்டு விழா. அப்பா வழியில் தூரத்துச் சொந்தம். காலை பதினொரு மணிக்குக் கச்சேரி. மாமாவின் குழுதான். நாங்கள் எல்லோரும் போனோம். அம்மாகூடப் பட்டுச்சேலை கட்டினாள். மெருகு போட்ட பலாக்கட்டை மேடை வெளிச்சத்தில் பழுத்த சுளை மாதிரி மின்னியது. இதையா கையால் செய்தான் என்று இரண்டு பேர் அம்மாவிடம் வந்து கேட்டார்கள். அம்மா பெருமையை அடக்கிக்கொண்டு, "என் கட்டில அறுத்துல்ல செஞ்சான்" என்றாள்.

குழுவில் ஒத்திகை என்ற வழக்கமெல்லாம் கிடையாது. கீபோர்டு வாசிப்பவர் மாமாவின் நாலு கம்பிகளையும் சுருதி சேர்த்துக் கொடுத்தார். அது பழைய பழக்கமாம். முதல் பாட்டு ஒழுங்காகப் போனது. இரண்டாவது பாட்டில் மாமாவின் விரல்கள் கழுத்தில் மேலேறி வந்தபோது ஏதோ இடறியது. எனக்கே கேட்டது. தும் தும் என்ற சத்தம் பாட்டை விட்டுக் கொஞ்சம் கீழே, சேற்றில் கால் வைத்த மாதிரி தனியாகப் போனது. கீபோர்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். பாடிக்கொண்டிருந்த பெண் சுருதி தவறி, ஒரு விரலால் காதைப் பொத்திக்கொண்டு பாடினாள். மாஸ்டர் மாமாவைப் பார்த்துக் கையசைத்தார். மாமா கண்ணை மூடியிருந்தார். மாஸ்டர் மேடையோரம் சவுண்ட் பெட்டியருகே இருந்தவரைப் பார்த்து விரலைக் கீழே காட்டினார். அவர் ஒரு பித்தானைக் கீழே இழுத்தார்.

தும் தும் நின்றுபோனது. மாமா நிற்கவில்லை.

இரண்டாவது பாட்டை முடித்தார். மூன்றாவது பாட்டை வாசித்தார். நாலாவதையும் வாசித்தார். காலால் தாளம் போட்டுக்கொண்டு, தலையை ஆட்டிக்கொண்டு, ரசித்து ரசித்து, ஒரு சத்தமும் வராத கிடாரை வாசித்துக்கொண்டிருந்தார். முதலில் பார்த்தவர்கள் குழந்தைகள்தான். "அந்த மாமா சும்மா கைய ஆட்றாரு" என்று ஒரு பையன் கத்தினான். வரிசை வரிசையாகச் சிரிப்பு பரவியது. அம்மா சேலைத் தலைப்பை இழுத்து வாயில் வைத்துக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது. மாமா வேண்டுமென்றே எங்களை அவமானப்படுத்துகிறார் என்றுதான் நான் அழுதேன்.

மாஸ்டர் வந்து தோளைத் தொட்டபோதுதான் மாமா கண்ணைத் திறந்தார். மாஸ்டர் சொன்னதை அவர் வாயைப் பார்த்துக் கேட்டுக்கொண்டார். கிடாரைக் கழற்றித் துணியால் துடைத்து உறையில் போட்டார். சாப்பாட்டுப் பந்தியில் மாஸ்டர் அப்பாவிடம், "கட்டை வேல அருமைங்க. சுதி நிக்கலியே, நான் என்ன பண்றது" என்று வருத்தமாகத்தான் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் மாமா கொல்லைப்பக்கம் போய், சுவரைப் பார்த்து நின்றுகொண்டு கிடாரைத் திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தார். அம்மா அடுக்களை வாசலில் நின்று பேசினாள். எவ்வளவோ பேசினாள். கடைசியில் சொன்னது இது: "அப்பன் அடிச்சப்பக்கூட ஒருத்தனும் சிரிக்கல. நீ சிரிக்க வச்சுட்ட. அந்தக் கட்டையோட நீயும் எங்கியாவது போய்த் தொலஞ்சு போயிடு. எனக்குத் தம்பியே பொறக்கலன்னு நெனச்சிக்கறேன்."

மாமா திரும்பவில்லை. தோள்கூட அசையவில்லை. "கல்லு மாதிரி நிக்கிறான் பாரு" என்று அம்மா முகத்தில் அறைந்துகொண்டு உள்ளே போனாள்.

சாயங்காலம் அவர் என்னைக் கூப்பிட்டார். கோபமே இல்லை. "அன்னிக்கு ரெண்டும் ஒண்ணாத்தான இருந்துச்சு பாப்பா?" என்றார். நான் தலையாட்டினேன். "அப்பச் சரி. கைதான் மறந்துபோச்சு போல" என்று தன் விரல்களைப் பார்த்துக்கொண்டார். கிடாரை அவரே பரணில் ஏற்றினார். மறுநாள் மைன்ஸுக்குப் போனார்.

மூன்று வாரம் கழித்து ஒரு காலையில் சாப்பாட்டுப் பையோடு நடந்து போனவரைப் பின்னால் வந்த லாரி அடித்துவிட்டது. எங்கள் சாலை குறுகலானது. லாரி ஹாரன் அடித்தால் நடப்பவர்கள் தார் ரோட்டை விட்டு இறங்கிவிட வேண்டும் என்பது அங்கே எழுதாத சட்டம். ஓட்டி வந்தவர் தரையில் உட்கார்ந்து அழுதார். "ஏழெட்டு தடவ ஹாரன் அடிச்சேங்க. எறங்கிடுவாருன்னு நெனச்சேன். திரும்பிக்கூடப் பாக்கலீங்க."

ஏழெட்டு தடவை ஹாரன் அடித்தும் ஒருவர் இறங்கவில்லை என்றால் அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று சாவுக்கு வந்தவர்கள் முடிவு செய்தார்கள். மண்டபத்தில் பட்ட அவமானம், அக்காள் பேசிய பேச்சு, ஆள் வேண்டுமென்றே நின்றுவிட்டான். யாரும் அம்மாவின் முகத்துக்கு நேராகச் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. "என் வாயாலதான் போனான், என் வாயாலதான் போனான்" என்று அம்மா தன் வாயிலேயே அடித்துக்கொண்டாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. அப்பா கையைப் பிடித்துக்கொண்டார்.

நான் மூலையில் உட்கார்ந்திருந்தேன். அம்மா காரணம் இல்லை என்று எனக்குத் தெரியும். தலையில் அடித்துப் பொய்ச் சத்தியம் செய்தவள் நான். சத்தியம் தன் வேலையைச் செய்துவிட்டது. அதைச் சொல்ல வாயைத் திறந்தேன், பயமாக இருந்தது, மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு வெகுகாலம் நான் யார் தலையையும் தொட்டதில்லை. தோழிகளுக்குப் பின்னல்கூடப் போட்டுவிட மாட்டேன். காலேஜ் போன பிறகு, இதெல்லாம் மூடநம்பிக்கை, கை வைத்தால் யாரும் சாவதில்லை என்று எனக்கு நானே சொல்லிச் சொல்லி ஒருவழியாக நம்பினேன். மனசு லேசானது. மாமா வேண்டுமென்றேதான் நின்றார் என்று நானும் மற்றவர்களோடு சேர்ந்துகொண்டேன்.

இப்போது நான் லப்பைக்குடிக்காட்டுக்குப் பக்கத்தில் ஒரு பள்ளியில் டீச்சர். போன வருடம் என் மூன்றாம் வகுப்பில் ஒரு பெண் குழந்தை இருந்தாள். நான் பேசினால் கண்ணிமைக்காமல் என் வாயைப் பார்ப்பாள். போர்டு பக்கம் திரும்பிக்கொண்டு சொன்னால் ஒன்றும் எழுத மாட்டாள். பின்னாலிருந்து கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். எல்லோரும் சிரித்த பிறகு சிரிப்பாள். திமிர் என்று நினைத்து இரண்டு தடவை வெளியே நிறுத்தினேன். பள்ளிக்கு வந்த மருத்துவ முகாமில், இவளுக்கு இரண்டு காதும் கேட்கவில்லை, இத்தனை நாள் வாயசைவைப் பார்த்தே சமாளித்திருக்கிறாள் என்று சொன்னார்கள். குழந்தையின் அப்பா வெளிநாட்டில் வேலையில் இருந்தார். அவள் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "சொல் பேச்சு கேக்க மாட்டேங்கறான்னு அடிச்சிட்டேனே டீச்சர். அவ அத்தாவுக்கு போன்ல நான் என்னத்த சொல்லுவேன்" என்று அழுதார். காதில் பஞ்சு, அதிர்வை உணரப் பல்லால் கடித்த கொம்பு, பத்தடிக்கு ஒருமுறை திரும்பிப் பார்க்கும் நடை எல்லாம் ஒரே சமயத்தில் என் முன்னால் வந்து நின்றன.

அந்தச் சனிக்கிழமை அரியலூருக்குப் போனேன். அம்மா அதே மிஷினில் தைத்துக்கொண்டிருந்தாள். மாமாவின் பெயரை எடுத்தாலே எழுந்து போய்விடுபவள். கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னேன். "மாமாவுக்குக் காது கேக்காதும்மா. மிசின் சத்தத்துல போயிருக்கு. நம்மகிட்ட மறைச்சிட்டாரு. ஹாரன் அவருக்குக் கேக்கவே இல்ல. அவரா போய் விழல."

அம்மா என் கையை விடுவித்துக்கொண்டு தைத்த துணியை மடித்து வைத்தாள். பிறகு, "அப்ப அன்னிக்கு நான் பேசுனது?" என்றாள்.

"கேட்டிருக்காதும்மா. உம் பக்கம் முதுகுதான இருந்துச்சு."

அம்மா அழுதது அழுகை என்று சொல்ல முடியாது. இத்தனை வருடம் நெஞ்சில் வைத்திருந்ததை இறக்கிவைக்க இடம் தெரியாமல் தவித்தாள். நான் செய்தது நல்ல காரியம் என்று நினைத்தேன். ஆனால் ஒன்று எனக்கு உறுத்திக்கொண்டே இருந்தது. காது கேட்காமலும் அத்தனை நாள் அந்தச் சாலையில் போய்வந்தவர், திரும்பித் திரும்பிப் பார்த்துத்தான் உயிரோடு இருந்தார். அன்றைக்கு மட்டும் திரும்பிப் பார்க்க மறந்திருக்கிறார். எதை நினைத்துக்கொண்டு நடந்தார்?

அம்மா முகத்தைத் துடைத்துக்கொண்டு, கிடாரைப் பரணிலிருந்து எடுத்துத் தரச் சொன்னாள். கம்பிகள் துருப்பிடித்திருந்தன, கட்டை அப்படியே மஞ்சளாக இருந்தது. மடியில் வைத்துத் தடவிக்கொண்டே கேட்டாள். "காது கேக்காட்டாலும் கையி நல்லாத்தானடி வாசிச்சுது. அப்பறம் ஏன் சுதி நிக்கல? கட்டையில ஏதாவது கோளாறா? நீதான கூட இருந்த. பாரேன்."

அம்மாவின் தையல் டேப்பை எடுத்தேன். கழுத்தின் உச்சியிலிருந்து, அன்றைக்கு மாமா தொட்டு மீட்டிய குறுக்குக்கம்பி வரைக்கும் அளந்தேன். அங்கிருந்து பிரிட்ஜ் வரைக்கும் அளந்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு விரற்கடை கூடுதலாக வந்தது.

"என்னடி சொல்லுது?" என்று அம்மா என் முகத்தையே பார்த்தாள்.

டேப்பைச் சுருட்டிக்கொண்டே, "சரியாத்தாம்மா இருக்கு" என்றேன்.

அம்மா நம்பிவிட்டாள். மாமாவும் இப்படித்தான் என் முகத்தைப் பார்த்து நம்பினார். அவருக்கு விடை தெரியும், தெரிந்துகொண்டுதான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு அன்றைக்கு நான் படம் பார்க்க ஓடினேன்.